நடந்ததை மட்டும் சொன்ன ஆசீர்வாதம் அண்ணன்

ரேணிகுண்டா போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் ஆசீர்வாதம் அண்ணனின் மூத்த மகள் போன் செய்தாள்.

"நைனா போயிட்டாரு சித்தப்பா. நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினுதான் வந்தாரு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எந்தப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிப்பது என்றுகூடத் தோன்றாமல் சாலையோரம் நின்றேன்.

என் இடது காலை நசுக்கிய வண்டியை ஓட்டியவர் அவர். அவருக்கு அஞ்சலி எழுத இவன் யார் என்று தெரியாதவர்கள் கேட்கலாம். தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் பீப்பாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறவன். அவர் அந்தப் பீப்பாய்களைத் தூக்கி லாரியில் ஏற்றும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். சித்தூரின் பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம் அவருடையது. வேகமாகப் பேசுவார், மெதுவாக ஓட்டுவார். "இன்னா முனி, மாம்பழத்துக்கு நடுவுல நின்னுக்கினு ஒரு பழம் துன்ன மாட்டேன்றியே" என்று தினமும் கேலி செய்வார்.

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. "ஈ ரோஜு ஒக்க ரோஜே ஆசீர்வாதம். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு, நாளைக்கு மெக்கானிக் வந்துடுவான்" என்றார் மேனேஜர். அண்ணன் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

மதியத்துக்குள் அது நடந்தது. லாரி நிற்கும் மேடைக்குப் போகும் சரிவில், பீப்பாய்களோடு ஏறிய வண்டி நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கியது. நான் கீழே சுவரோரம் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். "முனி, நகரு" என்ற சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் பின்சக்கரம் என் காலைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் வண்டியில் தாவி ஏறி அதை முன்னால் எடுக்கப் போனார். அதற்குள் கீழே குதித்திருந்த அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "தொடாத. பிரேக் இல்ல, மறுபடி அவன் மேலயே வரும். கட்டை வையி, ஜாக்கி எடுத்துக்கினு வா." தன் சட்டையைக் கழற்றி என் தொடையில் இறுக்கிக் கட்டினார். ஜாக்கி வரும் வரை என் தலையை மடியில் வைத்திருந்தார். "காலைப் பாக்காத முனி. என் மூஞ்சியையே பாரு. பாத்துக்கினே இரு." நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் உதடுகள் ஜெபித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணன் தினமும் வந்தார். என் மனைவி செல்வி அவரை வார்டுக்குள் விடவில்லை. வராந்தாவில் நின்றுவிட்டுப் போவார்.

ஒரு நாள் தொழிற்சாலை ஆய்வாளர் என்னை விசாரிக்க வந்தார். கூடவே மேனேஜர். அண்ணனையும் அழைத்து வந்திருந்தார்கள். நான் போனைப் பார்த்தபடி வண்டிக்குப் பின்னால் நடந்து வந்ததாக மேனேஜர் சொன்னார். செல்வி என் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆய்வாளர் அண்ணனைக் கேட்டார்.

அண்ணனுக்கு இரண்டு மகள்கள். அந்த வேலையைத் தவிர வேறு வருமானம் இல்லை. மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அவன் வேலையில இருந்தான். பிரேக் புடிக்கலன்னு காலையிலயே எனக்குத் தெரியும். இவருகிட்ட சொன்னேன். ஓட்டுன்னாரு. முடியாதுன்னு நான் எறங்கியிருக்கணும். எறங்கல. அது என் தப்பு."

அன்று மாலை செல்வி வராந்தாவுக்குப் போய், "எதுனா துன்னியாண்ணா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அவருக்கு வேலை போயிற்று. வழக்கும் வந்தது. சாட்சி சொல்லப் போகும்போது, பிரேக் கோளாறு அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். கோபப்பட்டார். "எனக்காகப் பொய் சொல்லாத முனி. நடந்தத மட்டும் சொல்லு." அப்படியே சொன்னேன். அபராதத்தோடு விட்டார்கள். அவர் அன்று ஆய்வாளரிடம் சொன்ன வார்த்தையால்தான் எனக்கு நஷ்டஈடு கிடைத்தது.

பிறகு ரேணிகுண்டாவில் ஒரு கிடங்கில் அவருக்கு ஓட்டுநர் வேலை கிடைத்தது. சொல்லிவைத்து, என்னையும் அங்கே கேட்டில் காவலாளாகச் சேர்த்துவிட்டார். அங்கும் ஒரு நாள் வண்டியின் பிரேக் தளர்ந்தது. அண்ணன் இறங்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் கத்தினார். லாரிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சட்டைப்பையில் கை வைக்கவே வந்துவிட்டார். நான் கேட்டை விட்டுச் செயற்கைக் காலோடு விந்தி விந்தி ஓடி, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"லாரி எம்மா நேரம் வேணா நிக்கட்டும் சார்," என்றார் அண்ணன், குரலை உயர்த்தாமல். "இத நான் ஓட்ட மாட்டேன். வேற யாரையும் ஓட்டவும் வுட மாட்டேன்."

மெக்கானிக் வந்து சரிசெய்த பிறகுதான் எழுந்தார்.

அன்று டீ குடிக்கும்போது கேட்டேன்: "இன்னும் அந்த நாளையே நெனச்சிக்கினு இருக்கியாண்ணா?"

"ரிவர்ஸ் போடும்போதெல்லாம் நெனைக்கிறேன்பா. என்னிக்கு நெனைக்காம போடறனோ, அன்னிக்கு வண்டிய வுட்டு எறங்கிடணும்."

மன்னித்துவிடு என்று அவர் ஒருமுறையும் என்னிடம் கேட்டதில்லை. நானும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை. எங்களுக்கு நடுவில் அந்தப் பேச்சுக்குத் தேவையிருக்கவில்லை.

சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் முந்தின நாள் மழையின் சேறு இருந்தது. பெட்டியை இறக்கும் கயிற்றைப் பிடிக்க நான் போனேன். சபைப் பெரியவர் ஒருவர் தடுத்தார். செயற்கைக் கால் வழுக்கிவிடும் என்று பயந்தார். அண்ணனின் மனைவி கிரேஸ் அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் புடிக்கட்டும்," என்றார்.

கால் சேற்றில் புதைந்தது. செல்வி பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். உள்ளங்கை எரிந்தது. அடியில் பெட்டி மண்ணைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. எல்லோரும் விட்ட பிறகும் நான் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணா. உங்களை மெதுவாகத்தான் இறக்கினோம்.