பாய் கிழியும் இடம்

ஏழாம் மேடையில் நான் கால்களை அகட்டி நிற்கும் விதத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாள் வளைந்த ஊசியில் பச்சை நூலைக் கோத்துவிடுகிறார். என் மட்டை இன்னும் தோளுக்கு மேல் ஏறியிருக்காது. இறங்கும்போது அது பந்துக்கு முன்னதாகப் பாயைத்தான் சந்திக்கும் என்பது அவருக்குத் தெரியும். இதுவரை அவருடைய கணிப்பு பொய்த்ததில்லை. என் ஆட்டத்தில் நம்பத்தக்க அம்சம் அது ஒன்றே.

எங்கள் கோல்ஃப் பயிற்சித் திடலில் செயற்கைப் புல்பாய்கள் பன்னிரண்டு. அவற்றைத் தைத்துப் பராமரிப்பவர் இவர். முன்பு பேருந்து இருக்கைகளுக்கு உறை தைத்தவர், இங்கே பாய்க்காரம்மா. பழைய பல்துலக்கியால் புல்லைச் சீவி, கிழிசலுக்குள் சுட்டுவிரலை விட்டு ஆழம் பார்த்து, குற்றவாளியைச் சொல்லிவிடுவார்.

"இது குட்டை மட்டை. வெள்ளை ஷூ, வலது கால் கொஞ்சம் சாயும். டாக்டர்தானே?"

முகங்களை அவர் பார்ப்பதே இல்லை. மேலாளர் ஒருநாள் புதுக் காலணியில் வந்து நின்றபோது, "கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், மேனேஜர் வர்ற நேரம்" என்று துடைப்பத்தால் இடம் காட்டினார்.

அந்த மேலாளர்தான் கெடு வைத்தார். "இந்த மாசம் தைக்கவே முடியாதபடி மூணு பாய் போச்சுன்னா கெட்டி ரப்பரைப் போட்டுடுவேன். தையலே வேணாம்." தையல் வேண்டாம் என்றால் தைப்பவரும் வேண்டாம். பாய்க்காரம்மா வீட்டிலோ, மருமகன் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார், வயது முப்பத்திரண்டு.

பாய்கள் கிழிவதற்கு மூலகாரணம் எங்கள் பயிற்சியாளர். எந்த மட்டையானாலும் பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதவாக்கு. நீள மட்டைக்கு அது சரி. அது மேலெழும் போக்கில் பந்தைத் தட்ட வேண்டும். குட்டை மட்டையோ கீழிறங்கும்போதே பந்தைச் சந்திக்க வேண்டும். பந்து அவ்வளவு தள்ளி இருந்தால் மட்டை முதலில் பாயை உழுதுவிடும். இந்தப் பாடத்தைப் பாய்க்காரம்மா கிழிசல்களிடமே கற்றவர்.

ஆகவே, துணியில் குறியிடும் சாக்பீஸால் ஒவ்வொரு பாயிலும் இரு காலணிகளின் உருவரையையும் இடையே மூன்று கோடுகளையும் வரைந்து வைத்தார். "நெட்டைக்கு இடது குதிகால். நடுத்தரத்துக்கு ரெண்டு விரற்கடை உள்ள தள்ளி. குட்டைக்கு நட்டநடு. அவ்வளவுதாங்க."

பயிற்சியாளர் அவற்றைக் காலால் தேய்த்தார். "ஏம்மா, நீ என்னைக்காவது மட்டையத் தொட்டிருக்கியா?"

"இல்ல சார். நீங்க ஊசியத் தொட்டிருக்கீங்களா?"

மறுநாள் கோடுகள் மீண்டும் இருந்தன, முன்னிலும் தடிப்பாக.

மாதத்தின் கடைசி நாள். இரண்டு பாய்கள் போயிருந்தன; ஒன்று என் திருப்பணி. முதலாம் மேடையில் ஐந்தாறு புதிய மாணவர்களுக்கு முன்னால் பயிற்சியாளர் குட்டை மட்டையைக் கையில் எடுத்தார். அந்தப் பாயில் ஏற்கெனவே இழைகள் பிரிந்து கிடந்தன. மேலாளர் கைகட்டி நின்றார். பந்து, வழக்கம்போல, இடது குதிகாலுக்கு நேராக இருந்தது.

பாய்க்காரம்மா எதிரே குந்தி அமர்ந்து, நூல் நுனியை உதட்டில் நனைத்து ஊசியில் கோத்தார்.

பயிற்சியாளர் மட்டையை உயர்த்தினார். ஊசியைப் பார்த்தார். மட்டையைத் தாழ்த்தித் தொண்டையைச் செருமினார். பிறகு, காலணியில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து, இரு பாதங்களையும் இடப்புறமாக நகர்த்தி, சாக்பீஸ் உருவரைக்குள் கொண்டுவந்து சேர்த்தார். பந்து நட்டநடுவில் இருந்தது.

மட்டை மீண்டும் மேலே சென்றது. அது இறங்கும்வரை அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. ஊசியிலிருந்து நூலை உருவி, கண்டில் சுற்றத் தொடங்கினார்.