தாப்பா ஓட்டலில் ஒரு தொட்டில்

பயப்படுவதற்கு ரஞ்சிதத்துக்குக் காரணமே தேவையில்லை, கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள். மழை பெய்தால் மண் சரியும் என்பாள். பெய்யாவிட்டால் கொழுந்து குறையும் என்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவள் புருஷன் காளியண்ணன் தேயிலை ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்பவன், இடி விழுந்தாலும் எந்தப் பக்கம் என்று நிதானமாகக் கேட்கிற ஆள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவன் சொல்லாத நாளில்லை. ஆனாலும் பிள்ளைகள் மூவரும் இதுவரை ஒரு கீறல் இல்லாமல் வளர்ந்தது யாருடைய பயத்தால் என்று அவன் யோசித்ததே கிடையாது.

அதே தோட்டத்தில் பிறந்தவள் அவள். பதினாலு வயதில் கூடையைத் தூக்கியவள், மலையைவிட்டுக் கீழே இறங்கியதெல்லாம் இரண்டே முறை. சாப்பாடு என்றால் அவளுக்கு விடியுமுன் அடுப்படியில் நின்றபடி விழுங்கும் பழையதும், மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே டின்னைத் திறந்து சாப்பிடுவதும்தான். நாற்காலியில் உட்கார, வேறு யாரோ கொண்டுவந்து வைக்க, அதைச் சாப்பிடுவது துரைமாருக்கு உரியது என்று நினைத்திருந்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் பள்ளி விடுமுறையில் காளியண்ணனின் அண்ணன் ரெங்கசாமி கீழே ஈப்போ டவுனில் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் லீவு கேட்டு வந்த காளியண்ணன் வாசலிலேயே அறிவித்தான்.

"பஸ்ஸுல மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் போறோம். அங்க எறங்கி ஓட்டல்ல உக்காந்து சாப்பிடுறோம். அப்புறம் ஈப்போ பஸ்ஸு. எல்லாம் நான் பாத்துக்கிறேன்லா."

ஏழு வயது சரோஜாவும் நாலு வயது விஜயனும் குதித்தார்கள். எட்டு மாதக் கைக்குழந்தை நவமணி, அவர்கள் குதிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். ரஞ்சிதத்துக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வளைவுப் பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால்? ஓட்டலில் சாப்பிடும்போதே பஸ் போய்விட்டால்? எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளை பிடிக்கிறவன். எங்கோ ஒரு பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கப் பிள்ளைத் தலை வேண்டுமாம் என்ற வதந்தி தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது.

ஆகவே முன்னேற்பாடு செய்தாள். புறப்படும் அன்று யாருக்கும் காலைச் சாப்பாடு கிடையாது. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வருவதற்கும் ஒன்றும் இருக்காது அல்லவா! சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துப் பழைய பேப்பரை வைத்துக் கட்டினாள். ஆளுக்கொரு புளிப்பு அசாங்கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொள்ளக் கொடுத்தாள். பிறகு காளியண்ணனின் பழைய சாரோங் கைலியைக் கிழித்துச் சரோஜாவின் மணிக்கட்டையும் விஜயனின் மணிக்கட்டையும் தன் முந்தானையோடு முடிந்துகொண்டாள்.

"என்ன புள்ள இது, ஆட்டுக்குட்டியா?" என்று சிரித்தான் காளியண்ணன்.

"சிரிங்க. நாளைக்கு ஒண்ணு காணாமப் போனா அப்பத் தெரியும்."

நவமணியைக் கட்டவில்லை. இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் கட்டுவானேன்?

மலை மேல் தானா ராத்தாவில் ஏறிய பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. அசாங்கொட்டை, பேப்பர், காலி வயிறு எல்லாவற்றையும் மீறி விஜயன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ரஞ்சிதம் ஒவ்வொரு வளைவிலும் முருகனைக் கூப்பிட்டாள். தாப்பாவில் கால் வைத்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மலைக்காரர்கள் ஐந்து பேரும் கம்பளிச் சட்டையோடு வேர்த்து ஒழுகினார்கள்.

பஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்தது ஓட்டல். கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரின் மனைவி, பெயர் சாரதா. காளியண்ணன் பெரிய மனுஷன் போல நாற்காலியை இழுத்துப் போட்டு அஞ்சு தோசைக்குச் சொன்னான். ரஞ்சிதம் நாற்காலியின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள் போல உட்கார்ந்தாள். கண் முழுவதும் எதிரே நின்ற ஈப்போ பஸ்ஸின் மேல்தான். நவமணியோ தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிக்கொண்டு, வந்த தோசைத் தட்டைக் காலால் உதைத்தாள்.

"தங்கச்சி, எப்படிச் சாப்பிடுவ?" என்றாள் சாரதா. "இங்க குடு. நம்ம வீட்டுத் தொட்டிலு சும்மாதான் தொங்குது."

கல்லாவுக்குப் பின்னால், அடுப்படிக்குப் போகிற வழியில், ஸ்பிரிங்கில் மாட்டிய சாரோங் தொட்டில் ஒன்று தொங்கியது. ரஞ்சிதம் தயங்கினாள். பிறகு அவளே எழுந்து போய்ப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள், தலைப்பக்கம் துணியை இழுத்துவிட்டாள், இரண்டு ஆட்டு ஆட்டினாள். நவமணி உடனே கண்ணயர்ந்தாள். தினமும் செய்கிற வேலைதானே. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகுமுன், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற தோட்டத்து ஆயாக்கொட்டகையில் இப்படித்தான் பிள்ளையைத் தொட்டிலில் போடுவாள். இரண்டு ஆட்டு, அவ்வளவுதான். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு நடப்பாள்.

தோசை மொறுமொறுவென்று இருந்தது. சட்டினியும் சாம்பாரும் கேட்கக் கேட்க வந்தன. இரண்டு கையும் ஒழிந்து, சூடாக, உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தாள் ரஞ்சிதம். இப்படிக்கூடச் சாப்பிடலாமா என்று அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கால் மணி நேரம் அவள் எதற்கும் பயப்படவில்லை. அந்தக் கால் மணி நேரம்தான் வினையாகிப் போனது.

"ஈப்போ! ஈப்போ!" என்று கண்டக்டர் கத்தினார்.

ரஞ்சிதம் துள்ளி எழுந்தாள். காளியண்ணன் கல்லாவில் காசைக் கொடுப்பதற்குள் அவள் முடிச்சுகளைச் சரிபார்த்தாள். சரோஜா, விஜயன். ரெங்கசாமி வீட்டுக்குக் கொண்டுபோகிற முட்டைக்கோசும் தேயிலைத் தூளும் கட்டிய மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். துணிப் பையைத் தோளில் மாட்டினாள். "எல்லாம் இருக்கு, ஓடியாங்க!" என்று ரோட்டைக் கடந்தாள். சாரதா அப்போது அடுப்படிக்குள் போயிருந்தாள். பஸ்ஸில் ஒரே கூட்டம். விஜயனின் முடிச்சை அவிழ்த்து அவனை முன்பக்கம் காளியண்ணனோடு அனுப்பிவிட்டு, ரஞ்சிதம் சரோஜாவோடு கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். தங்கச்சியை அப்பா வைத்திருக்கிறார் என்று சரோஜா நினைத்தாள். முன்னால் இருந்த காளியண்ணனோ, பிள்ளை தாயிடம்தானே இருக்கும் என்று இருந்துவிட்டான்.

வழியில் தெமோ என்ற ஊரைத் தாண்டியபோது ரஞ்சிதத்தின் மார்பு கனத்தது. பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மணி பத்து. மலையில் கொழுந்தை எடை நிறுத்து முடிக்கிற நேரம். நிறுத்ததும் பிள்ளைக்காரிகள் ஆயாக்கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். 'நேரமாச்சு, புள்ள அழுவா' என்று வழக்கம்போல நினைத்தாள். நினைத்துவிட்டு, கொட்டகைக்குப் போக எழுந்தவள் போலப் பாதி எழுந்தாள். கை இடுப்புக்குப் போனது. கோசு மூட்டை இருந்தது.

அவள் போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார்.

"புள்ள எங்க?" என்றான் காளியண்ணன். அசையாதவன் முகம் அன்று சாம்பலாகிப் போனது. "நீதான வச்சிருந்த?"

"தொட்டில்ல... தொட்டில்ல போட்டேன்..." என்றபடி அவள் சரோஜாவை இழுத்துக்கொண்டு படிக்கு ஓடினாள்.

நடுரோட்டில் இறங்கி நின்றார்கள். எதிரே, மலை மேல் கோலா தெர்லாவுக்குக் காய்கறி ஏற்றப் போகும் காலி லோரி ஒன்று வந்தது. காளியண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றான். ஓட்டிவந்த சீனரிடம் "அனாக்! அனாக்! தாப்பா!" என்றான், பிள்ளை என்கிற மலாய்ச் சொல் ஒன்றுதான் அவன் வாயில் வந்தது. அவர் ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தார், நனைந்த ரவிக்கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

போகிற வழியெல்லாம் ரஞ்சிதத்தின் மனம் அவளைப் பிய்த்துத் தின்றது. சாரதா யார்? எந்த ஊர்? அடுப்படி வழியில்தானே தொட்டில், கொதிக்கிற எண்ணெய் தெறித்தால்? பாலம் கட்டுகிறவன் சாப்பிட வந்திருந்தால்? இரண்டு பிள்ளைகளைத் துணி கிழித்துக் கட்டிய கெட்டிக்காரி, மூன்றாவதை ஊரான் கடையில் தொங்கவிட்டு வந்திருக்கிறாளே! தாயா நான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லோரி நிற்குமுன் குதித்து ஓடினாள். தொட்டில் காலியாக இருந்தது.

அந்த ஒரு நொடியை ரஞ்சிதம் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை.

"இங்க இருக்கா, வா" என்றது பின்கட்டிலிருந்து ஒரு குரல். சாரதா ஒரு பலகையில் உட்கார்ந்து, மடியில் நவமணியைப் போட்டு, கரண்டியால் சீனித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் அவள் காலில் விழப்போனாள்.

"மொதல்ல பாலக் குடு. அப்புறமா அழுவு."

பிள்ளை ஆவலோடு பால் குடித்தது. சாரதா அதைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"ஆயாக்கொட்டகையில விடுறவதானே நீ?"

ரஞ்சிதம் தலையாட்டினாள்.

"போன தீவாளிக்கு முந்தியும் இப்படித்தான். ரப்பர் தோட்டத்துக்காரி ஒருத்தி, இதே தொட்டிலு. டவுன்காரி யாரும் விட்டுட்டுப் போனதில்ல தங்கச்சி. உங்க கைதான் தொட்டில்ல போட்டதும் விட்டுடுது. நான்தான் கூடவே இருந்து பாத்திருக்கணும்."

அடுத்த பஸ்ஸில் ஈப்போ போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் கதையை யாருக்கும் சொல்வதில்லை என்று வழி நெடுகப் பேசி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றுமுன்பே விஜயன் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டான்.

லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் காலை, ரஞ்சிதம் ஆயாக்கொட்டகைக்கு வந்தாள். நவமணியைத் தொட்டிலில் கிடத்தினாள், துணியை இழுத்துவிட்டாள். ஆனால் ஆட்டவில்லை. தொட்டிலின் துணியைப் பிடித்தபடியே நின்றாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாரியம்மா, "என்னடி நிக்கிற? கங்காணி பேரு கூப்புடுறாரு" என்றாள். போகத்தான் வேண்டும். போனாள். போகிற வழியில் நாலு தடவை திரும்பிப் பார்த்தாள், அதுவரை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவர்கள் ஓட்டலுக்குப் போகாமல் இல்லை. எண்பதுகளில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முந்தானையில் முடிவதெல்லாம் நின்றுபோயிற்று. ஆனால் ரஞ்சிதம் வலது கையால் சாப்பிடும்போது அவள் இடது கை நவமணியின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். பரிமாறுகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவள் கவலைப்படமாட்டாள்.

எண்பத்தாறில், நவமணிக்கு எட்டு வயது. தானா ராத்தா ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்தபோது அவள் கையை உதறினாள்.

"விடுமா. எல்லாரும் பாக்குறாங்க."

"விடமாட்டாங்க" என்றான் விஜயன். "ஒன்ன ஓட்டல்ல மறந்துட்டுப் போனவங்கதானே!"

நவமணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மகள் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"ஒரு தடவதானேமா விட்டுட்டுப் போனீங்க?"

தோசை வந்தது. ரஞ்சிதம் அதைத் தொடவில்லை.

"தெனம்தான் விட்டுட்டுப் போனேன்" என்றாள். "விட்டோமேன்னு அன்னைக்கு ஒரு நாள்தான் பயந்தேன்."

காளியண்ணன் குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நவமணி உதறிய வலது கையை மேஜைக்கு அடியில் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, இடது கையால் தோசையைப் பிய்க்க ஆரம்பித்தாள்.