தட்டில் மிஞ்சிய நீள போல்ட்

பந்தயத் தடத்தின் பின்வாசலை ஒட்டி வரிசையாக ஒன்பது பட்டறைகள் இருக்கின்றன. அதில் ஏழாவதற்குள் நுழைந்தால், ஏதாவது ஒரு காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குட்டை முக்காலி போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் ஏறியிருக்கும். அதைத் தேடிக்கொண்டும் இருப்பாள். அவள்தான் பிரேக்கக்கா.

அந்தத் தடத்தில் ஓடும் கார்களில் பாதிக்கு மேல் முன்பிரேக் அவள் கை பட்டது. கம்பெனி கொடுத்த பிரேக்கைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய டிஸ்க்கையும், அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரையும் பொருத்துவது அவள் தொழில். கடைக்கும் ஆபீசுக்கும் போய்வருகிற காருக்கு அதெல்லாம் வீண் ஆடம்பரம். இருநூறில் பாய்ந்து வந்து, வளைவுக்கு முன்னால் எழுபதுக்கு இறங்கி, மறுபடி இருநூறுக்கு ஏறி, இப்படியே அரை மணி நேரம் ஓடுகிற காருக்கு அது இல்லாமல் ஆகாது. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரமெல்லாம் மூக்கு குப்புற முன்பக்கம் சாயும். அந்தப் பாரத்தைத் தாங்கி நிறுத்துவது முன்சக்கரங்கள்தான்.

அவள் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பயந்து வந்தவள்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பள்ளிக்கூடம் மலைமேல், வீடுகள் அடிவாரத்தில். ஒரு நாள் மாலை, பதினொரு பிள்ளைகளோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, ஆறாவது வளைவில் பிரேக் மிதி மெத்தென்று இறங்கியது. ஏழாவது வளைவில் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தாள். காற்றை மிதித்த மாதிரி இருந்தது.

"எல்லாரும் குனிஞ்சு முன்சீட்டைப் பிடிச்சுக்கோங்க! விடக் கூடாது!"

கியரை இரண்டுக்கு இறக்கினாள், ஒன்றுக்கு இறக்கினாள். இன்ஜின் அலறியது. கை பிரேக்கை இழுத்துக்கொண்டே வண்டியின் இடது பக்கத்தை மண்மேட்டோடு சாய்த்து உரசவிட்டாள். நாற்பது அடி தேய்ந்து வேன் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கடைசி சீட்டில் இருந்த ஒரு வாண்டு மட்டும் எழுந்து நின்று, "ஆன்ட்டி, நாளைக்கும் இப்படியே போலாமா?" என்று கேட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் அவள் இன்றைக்கும் வேன்தான் ஓட்டிக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் கழித்து வந்த மெக்கானிக் வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மிதி கல் மாதிரி நின்றது. மறுபடி மிதித்தார். அதே கல்.

"பிரேக் நல்லாத்தானே இருக்கு? பதட்டத்துல கிளட்சை மிதிச்சிருப்பீங்கம்மா."

அந்த வார்த்தை நான்கு நாளில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் கையைப் பிடித்து நன்றி சொன்ன பெற்றோர்களே, அப்புறம் எதிரில் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தன் கால்மேலேயே தனக்குச் சந்தேகம் வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலை அழுத்திப் பார்ப்பாள். நான் எதை மிதித்தேன்?

மாடி போர்ஷனில் குடியிருந்த நாத்தனார்தான் ஒருநாள் வெடித்தாள். புருஷனின் தங்கை, தபால் ஆபீசில் வேலை, வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள்.

"பன்னெண்டு வருஷமா ஓட்டறவங்களுக்குப் பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியாதா அண்ணி? தோசைக் கரண்டின்னு நினைச்சு யாராவது துடைப்பத்தை எடுப்பாங்களா? அந்தாளுக்குத் தெரியலைன்னா தெரிஞ்சவங்களைப் போய்க் கேளுங்க. ரேஸ் வண்டி ஓடுற இடத்துல பிரேக்கைப் பத்தித் தெரியாமலா இருக்கும்?"

சொன்னதோடு நிற்காமல் ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே வந்தாள். முதல் ஆறு பட்டறைகளிலும், என்ன வண்டி, எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார்கள். வண்டி இல்லை, ஒரு கேள்விதான் என்றதும் சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினார்கள். ஏழாவது பட்டறையின் முதலாளிக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இரண்டே கேள்வி.

"எத்தனை வளைவு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தீங்க? பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

முதல் கேள்விக்கு ஆறு என்றாள். பள்ளிக்கூடத்தில் ஆயில் மாற்றியதாக அவளுக்கு நினைவே இல்லை.

"பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். சூடு ஏறினா அந்த ஈரம் கொதிச்சுக் குமிழி விடும். நீங்க மிதிக்கிற மிதி எல்லாம் குமிழியை நசுக்கத்தான் போகும், சக்கரத்துக்குப் போகாது. ஆறினதும் குமிழி அடங்கிடும், மிதியும் பழையபடி கெட்டியாயிடும். அந்த மெக்கானிக் வந்தப்போ எல்லாம் ஆறியிருக்கும். நீங்க பிரேக்கைத்தான் மிதிச்சிருக்கீங்க அக்கா."

அங்கேயே, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அவள் அழுதாள். நாத்தனார் முதுகைத் தடவிக்கொண்டே, "நான்தான் சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் கேட்ட முதல் வார்த்தை: "இங்க வேலை ஏதாவது இருக்கா தம்பி?"

கூட்டிப் பெருக்க ஒருவரும், டீ வாங்க ஒருவரும் ஏற்கெனவே இருந்தார்கள். ஸ்பேனர் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அப்படி வந்து சேர்ந்தாள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. புதுக் காலிப்பர் சக்கரத்துக்குள் அடங்குமா என்று அட்டை வெட்டி வைத்துப் பார்க்கலாம். ரப்பர் குழாய் அழுத்தத்தில் உப்புமென்றால், எஃகு வலை பின்னிய குழாய் போடலாம். ஆயிலைப் புதுசாக ஊற்றிக் கடைசிக் குமிழி வெளியே வரும்வரை இறக்கலாம். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவே முறுக்கும் அளவு ஸ்பேனர் இருக்கிறது. அளவு வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும். ஆறு வருடத்தில், முன்பிரேக் என்றால் அவளிடம் விடு என்று மற்ற பட்டறைக்காரர்களே சொல்லியனுப்பும் அளவுக்கு வந்துவிட்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவளுக்கும் ஒரு நாள் சறுக்கியது.

நீலக் கார் ஒரு பல் டாக்டருடையது. வாரம் ஆறு நாள் பல் பிடுங்குவார், ஏழாவது நாள் பந்தயம் ஓட்டுவார். ஏழு வருடமாக ஓட்டியும் பத்தாவது இடத்துக்கு மேல் வந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை, புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் எப்படியோ ஐந்தாவதாக வந்துவிட்டார். ஆனால் கடைசி இரண்டு சுற்றில் பிரேக் தொளதொளத்துவிட்டது. ஒரு மாதமாகப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த புது பிரேக் செட்டை அன்று மதியமே மாட்டச் சொன்னார். மாட்டினாள். ஞாயிறு காலை ஏழு சுற்று ஓட்டி, டிஸ்க்கைக் கவ்வும் புது பேடுகளைச் சூடேற்றிப் பதப்படுத்தி, ஆறவிட்டாயிற்று. டாக்டர் இறங்கி வந்து, "அக்கா, சுவர்ல மோதின மாதிரி நிக்குது!" என்று கட்டை விரலைக் காட்டினார்.

பந்தயம் பத்தரைக்கு. பத்து மணி பதினெட்டுக்கு, கார்கள் எல்லாம் புறப்படும் கோட்டில் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. அவள் பட்டறையில், போல்ட் போட்டு வைக்கும் தட்டைத் துடைத்து வைக்க எடுத்தாள்.

அந்தச் செட்டில் இரண்டு வகை போல்ட் உண்டு. தடிமன் ஒன்றே, நீளம்தான் வேறு. நீளமானவை, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை வண்டியோடு பிடிப்பவை. குட்டையானவை காலிப்பரை பிராக்கெட்டோடு பிடிப்பவை. குட்டையில் ஒன்று மட்டும் உதிரியாகக் கூடுதலாக வரும். ஆகவே வேலை முடிந்தால் தட்டில் ஒரு குட்டை போல்ட் மிஞ்ச வேண்டும்.

தட்டில் கிடந்தது நீள போல்ட்.

நீளம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் குட்டையை மாட்டியிருக்கிறாள். அதுவும் முறுகும், ஸ்பேனரும் டக்கென்று சத்தம் கொடுக்கும், ஆனால் உள்ளே நாலு புரிதான் பிடித்திருக்கும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, ஏதாவது ஆனாலொழிய.

போல்ட்டையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வழியில் முதலாளி எதிரே வந்தார். "டாக்டர் வண்டில தப்பான போல்ட் போட்டுட்டேன் தம்பி." அவர் முகம் வெளுத்தது. ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தப் பக்கம்?"

"தெரியல."

"ரெண்டு பக்கமும் கழட்டுவோம். ஓடுங்க, நான் ஜாக்கி எடுத்துட்டு வரேன்."

தடத்துக்குள் போகும் கதவில் கொடிக்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள போகக் கூடாதும்மா."

"அந்த நீல வண்டி ஓடக் கூடாது சார். முன்பிரேக் கழண்டுரும்."

"யார் சொன்னது?"

"மாட்டினவ நான்தான்."

கொடிக்காரர் நீட்டிய கையை இறக்கினார். பிறகு வழிவிட்டு, கையிலிருந்த ரேடியோவில் பேச ஆரம்பித்தார்.

அவள் நேராகப் போய் நீலக் காரின் மூக்குக்கு முன்னால் நின்றாள். ஹெல்மெட்டுக்குள் டாக்டரின் கண் விரிந்தது.

"என் தப்பு டாக்டர். ஒரு போல்ட்டை மாத்திப் போட்டுட்டேன். வண்டியை ஓரங்கட்டுங்க."

"இப்பவா சொல்றீங்க? அஞ்சாவது இடம் அக்கா! ஏழு வருஷம்!"

"தெரியும். வாங்க."

அவர் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். ஆனாலும் வண்டியைத் திருப்பினார். இடது சக்கரத்தில் எல்லாம் சரி. வலது சக்கரத்தைக் கழற்றி, மேல் போல்ட்டில் விரல் வைத்தாள். ஸ்பேனரே தேவைப்படவில்லை. காலையில் ஓட்டிய ஏழு சுற்று அதிர்விலேயே அது தளர்ந்து, விரலோடு சுழன்று வந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார். அவள் நீள போல்ட்டை ஏற்றினாள், முறுக்கினாள், மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகக் கழற்றி நீளம் பார்த்து மாட்டினாள். முதலாளி பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு டக்குக்கும் "சரி" சொன்னார். அதற்குள் மற்ற இருபத்தொரு கார்களும் புறப்பட்டுப் போய்விட்டன. நீலக் கார் கடைசி ஆளாக, பட்டறைச் சந்திலிருந்து தனியாகக் கிளம்பியது.

அந்த அரை மணி நேரம் அவள் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இடத்தை எண்ணவில்லை. நேர்பாதையின் முடிவில், பெரிய வளைவுக்கு முன்னால், நீலக் கார் மூக்கைத் தாழ்த்தி வேகம் குறைத்துத் திரும்புவதை மட்டும் சுற்றுக்குச் சுற்று பார்த்தாள். ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் பதின்மூன்றாவதாக வந்தார்.

வேலை போகும் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். ஸ்பேனர்களைத் துடைத்து, பிறருக்கு எடுக்க வசதியாக வரிசையாக அடுக்கினாள். டாக்டர் வியர்வையில் நனைந்தபடி வந்து, அவளுடைய முக்காலியிலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு வேர் சுத்தம் பண்ணும்போது ஊசி முனை ஒடிஞ்சு உள்ளயே நின்னுடுச்சு அக்கா. மேல அடைச்சு அனுப்பிட்டேன். அவர்கிட்ட சொல்றதுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. நீங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

"தட்டைப் பார்த்ததும் ஓடி வந்துட்டேன்."

"அதான். கடைசி எட்டு சுற்றும் நான் பயப்படாமதான் மிதிச்சேன். மாட்டினவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சு போச்சே." எழுந்து சாவியை அவள் கையில் வைத்தார். "அடுத்த வாரம் பின்பிரேக்கையும் பாத்துடுங்க. முன்னாடி பலம் ஏறிடுச்சு, பின்னாடி சும்மா வருது."

முதலாளி அன்றைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்தார். இனிமேல் யார் மாட்டினாலும் இன்னொருவர் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். தான் மாட்டுவதற்கும் அதுவே சட்டம் என்றார். அவர் மாட்டுவதைப் பார்க்க அவளையே நியமித்தார்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பும் பண்ணிட்டு, திட்டும் வாங்காம, சாவியோட வந்திருக்கீங்க. உங்களுக்கு எங்கேயோ மச்சம் அண்ணி!" என்றாள் நாத்தனார். மச்சம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்று குறுக்கே பேசாமல் கேட்டு, இன்று எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்ட முதலாளி, மாட்டினவள் நான்தான் என்றதும் வழிவிட்ட முகம் தெரியாத கொடிக்காரர், லீவு போட்டுக் கூட வந்த இந்த வாயாடி. இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "நாளைக்கு நான் சமைக்கிறேன், நீ ஆபீஸ்லேருந்து நேரா கீழ வந்துடு" என்றாள். நாத்தனாருக்கு அது புரிந்தது. அதிசயமாக அவளும் பேசாமல் இருந்தாள்.

இப்போதும் புதிதாக யாராவது முன்பிரேக் மாற்ற வண்டி கொண்டுவந்தால், வேலையைத் தொடுவதற்கு முன் அந்தப் போல்ட் கதையைத் தானே சொல்லிவிடுவாள். கேட்டுவிட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் முகம் சுளித்துச் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மூன்று பட்டறை ஏறி இறங்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் அவரும் வந்துவிட்டார்.