இங்கெரின் இடதுகாலும் எங்கள் பொன்னாடையும்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருந்து கிளம்பினோம். போக வேண்டிய கடற்கரை ஊர் கால்வெஸ்டன், ஐம்பது மைல் சொச்சம். காரை ஓட்டியவர் ரோகிணி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், குழந்தை மருத்துவர், எங்கள் கால்பந்து அணியின் டிஃபெண்டர். நான் நபீசா, காயல்பட்டினம், கோல்கீப்பர். அணி முழுக்க முப்பத்தைந்து தாண்டிய தமிழ்ப் பெண்கள்தான். கோச் இல்லாத அணிக்கு லீகில் இடமில்லை, திங்கட்கிழமைக்குள் ஆளைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் இருவர் கோச்சாக வந்து, இரண்டாவது பிராக்டிஸிலேயே முதுகு பிடித்துப் படுத்துவிட்டார்கள், பாவம்!

அதனால்தான் இங்கெரைத் தேடிப் போனோம். எழுபது தாண்டியவர். சுவீடனில் பெண்கள் பந்தாடத் தொடங்கிய காலத்திலேயே ஆடியவர். அக்காவோடு வேலை பார்க்கும் டாக்டரின் மாமியார். போனில் இரண்டு தடவை கேட்டும் முடியாது என்றுவிட்டார்.

"நேரிலை போய்க் கதைச்சால் மனுசி மாட்டன் எண்டு சொல்லாது. பொன்னாடையும் கொண்டு வந்திருக்கிறன்" என்றார் அக்கா.

"அப்போ கோச் ரெடி, விடுங்க" என்றேன்.

ஆறாம் நம்பர் ஹைவே தென்கிழக்கே ஓடுகிறது. ஆல்வினில் பெட்ரோல் போட்டு, ஆளுக்கு ஒரு காபி, மூன்று டாலர், வாயில் வைக்க முடியவில்லை. பிறகு பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், கம்பத்துக்கு ஒரு பெலிக்கன். கடலைக் கண்டதும் எனக்கு வாய் ஓயவில்லை.

புயல் வெள்ளத்துக்குப் பயந்து அங்கே வீடுகளைத் தூண்கள்மேல் கட்டியிருக்கிறார்கள். படியேறி, வாசலில் செருப்பைக் கழற்றினோம். இங்கெர் முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல சொல்லாமலே செருப்பைக் கழட்டினது நீங்கதான். எங்க ஊர்லயும் இதுதான் பழக்கம்" என்றார் ஆங்கிலத்தில். தின்னக் கொடுத்த பன்னில் ஏலக்காய் மணந்தது. பாதி வேலை முடிந்தது என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அக்கா எழுந்து பொன்னாடையைப் போர்த்தினார். நான் போட்டோ எடுத்தேன். இங்கெர் முகம் சுண்டிப்போனது.

"இதுக்குத்தான் வேணாம்னேன்" என்று சால்வையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் காலத்தில் அவருக்குப் பகலில் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் வேலை. சாயங்காலம் பந்து, இடது விங். ஆண்கள் போட்டுக் கிழித்த சட்டைதான் இவர்களுக்கு யூனிஃபார்ம், முழங்கால்வரை தொங்கும். பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் கோலைப் பற்றிக் கேட்கவில்லை, தலைமுடிக்கு என்ன தேய்க்கிறாய் என்று கேட்டாராம். பக்கத்து நாட்டோடு சுவீடனுக்காக ஆடப் போனபோது சம்பளமில்லா லீவு. பிறகு கணவருக்கு எண்ணெய் கம்பெனி வேலை, ஹூஸ்டன், குழந்தைகள்.

"இப்போ திடீர்னு எல்லாரும் கூப்பிடறாங்க. மாலை போடறாங்க, முன்வரிசையில உக்கார வெக்கறாங்க. ஒருத்தர்கூட என் கையில பந்தைக் கொடுக்கல."

எனக்குச் சுருக்கென்றது. விட்டுவிடுவேனா?

"எங்களுக்கு முன்வரிசையே கிடையாதுங்க. எங்க கோல்கீப்பர் பந்து வந்தா கண்ணை மூடிக்கறா. அதுக்குத்தான் வந்தோம்."

"யார் அந்தக் கோல்கீப்பர்?"

"நான்தான்."

கோப்பையைக் கீழே வைத்தார். "இறங்கு."

வீட்டுக்கு அடியில் இரண்டு தூண்தான் கோல். அங்கிருந்த சாமான் அறையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்து, காற்றடித்து, எட்டடி தள்ளி நின்றார். முதல் பந்து போனதே தெரியவில்லை. இரண்டாவதற்குக் கண்ணை மூடினேன். "திற!" என்று ஒரு அதட்டல். மூன்றாவது அந்த இடதுகாலில் இருந்து கிளம்பி வருவதைக் கடைசிவரை பார்த்தேன். பாய்ந்தேன். விரலில் பட்டு உள்ளே போனது. சிமென்ட் தரையில் முழங்கால் தேய்ந்து ரத்தம்.

இங்கெர் மேலே போய்ப் பொன்னாடையைக் கொண்டுவந்தார். புண்ணைக் கழுவி, மேலே அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"இப்போதான் இதுக்கு ஒரு உபயோகம். நாளைக்கு பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

திரும்பும்போது பாலத்தில் அக்கா என் காலைப் பார்த்துச் சிரித்தார். "எண்பது டொலர் பொன்னாடையப்பா அது!"

காயலில் பொழுது சாய்ந்தால் பந்துச் சத்தம் கேட்காத தெருவே கிடையாது. நான் ஜன்னலில் நின்று பார்த்ததோடு சரி, என் கையிலும் யாரும் பந்தைக் கொடுத்ததில்லை. இன்று ஒருவர் மூன்று கொடுத்தார். மூன்றையும் விட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு!