ராஜாவின் சட்டமும் கல்லறையின் முன்வரிசையும்

1. எண்ணெய் பாட்டில்

ஓய்வுபெற்ற வேதாகம ஆசிரியனிடம் ஒரு சபை எதிர்பார்ப்பவை இரண்டு. வீட்டுக் கூட்டங்களில் நீண்ட ஜெபம். ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுகளுக்குப் பொருத்தமாக ஒரு வசனம். முதலாவதில் எனக்குத் திறமை இல்லை என்பதைச் செஞ்சி சபையார் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இரண்டாவதை நாடித்தான் எங்கள் சபைச் செயலாளர் ஜெபக்குமார் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒலிவ எண்ணெய் பாட்டில் இருந்தது. சென்னையில் ஏதோ பெரிய கடையில் வாங்கியது. பச்சைக் காய்கறிகளின் மேல் ஊற்றிச் சாப்பிட உகந்தது என்று அதன் லேபிள் சொன்னது.

ஜெபக்குமார் சாலை ஒப்பந்ததாரர். செயலாளர் பதவியில் சபை விதிகள் அனுமதிக்கும் காலத்தை முடித்துவிட்டவர். ஆனால் பதவியைத்தான் முடித்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

"ஐயா, வருசத்து முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை வருதுல்ல, அன்னிக்கு நீங்கதான் மெசேஜ். கர்த்தர் தாவீது ராஜாவோட உடன்படிக்கை பண்ணாரு, அவர் சிங்காசனம் என்னைக்கும் நிக்கும்னு வருதே, அதை எடுத்துக்குங்க. முடிஞ்ச கையோட இந்த எண்ணெய என் தலையில ஊத்தி அபிஷேகம். பாஸ்டர்கிட்ட பேசிட்டேன்."

"எதற்கு அபிஷேகம்?"

"நிரந்தரச் செயலாளருக்குத்தான். வருசா வருசம் எலெக்‌ஷன், சண்டை, டென்ஷன். ஒரே ஆளு இருந்தா வேலை நடக்கும். ஜனங்களே கேக்கறாங்க ஐயா."

ஜனங்கள் கேட்டார்கள் என்பது உண்மை. எப்போதும் ஜனங்கள்தான் கேட்கிறார்கள். இதை வாசிக்கும் இளம் போதகர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். இஸ்ரவேலில் ராஜா பிந்தி வந்தவன். கடவுளின் உடன்படிக்கை அவனுக்கு வெகு முன்னரே, அடிமைகளாயிருந்து தப்பிவந்த ஒரு கூட்டத்தோடு மலையடிவாரத்தில் செய்யப்பட்டது. அந்தக் கூட்டத்தில் ராஜா என்று ஒருவனும் இல்லை. தலைமுறைகள் கழித்து, அண்டை நாட்டாருக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று மூப்பர்கள் தீர்க்கதரிசி சாமுவேலிடம் வந்து நின்றார்கள். அவன் உங்கள் பிள்ளைகளை எடுப்பான், நல்ல வயல்களை எடுப்பான், கடைசியில் நீங்களே அலறுவீர்கள் என்று சாமுவேல் எச்சரித்தார். ஒருவரும் செவிகொடுக்கவில்லை. தலைக்குமேல் கோட்டையை வைத்துக்கொண்டு வாழும் செஞ்சிக்காரர்களுக்காவது இது உறைத்திருக்க வேண்டும். இங்கே ஆண்ட ராஜாக்கள் அத்தனை பேருடைய மிச்சமும் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கல். மேலே குரங்குகள் கொலுவிருக்கின்றன.

"என்ன வேலை நடக்கவேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் மடித்த வரைபடம் ஒன்றை விரித்தார். எங்கள் கல்லறைத் தோட்டம். "ரோட்டு மேல முன்வரிசை சும்மா கெடக்குது ஐயா. அமாவாசைக்கு மேல்மலையனூர் போற ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் இந்த வழியாத்தான் போவுது. வரிசையா கடை கட்டி விட்டா டீ, பூ, தேங்கான்னு பிச்சிக்கும். சபைக்கு வருமானம்."

அங்காளம்மனுக்குப் போகும் தேங்காயில் சபையை வளர்க்கலாம் என்ற அந்தப் பரந்த மனப்பான்மையைத் தனியே பாராட்டத்தான் வேண்டும். வரைபடத்தில் சிமெண்டு பூசிக் கட்டிய கல்லறைகள் மட்டும் கட்டம் கட்டமாக இருந்தன. முன்வரிசையில் 'காலி இடம்' என்று எழுதியிருந்தது.

அந்த வரிசையில் இருப்பவை மண்மேடுகள். கட்ட வசதியில்லாதவர்கள் மேடு கூட்டி, மரச்சிலுவை நட்டுவிட்டுப் போவார்கள். சிலுவையைக் கரையான் தின்னும், மேட்டை மழை கரைக்கும். பிறகு வேப்பமரத்தையும் மதிலையும் வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். என் மனைவியும் அந்த வரிசையில்தான் இருக்கிறாள். மண் நன்றாக இறங்கும்வரை கல் வைக்கவேண்டாம் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். அந்த அடக்கத்துக்கு ஜெபக்குமார் வந்திருந்தார். மாலை வைத்தார்.

வரைபடத்தை மடிக்கும்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

"அம்மாவ மட்டும் பின்னால மாத்திடலாம் ஐயா. என் செலவுல," என்றார்.

நான் காபி கொடுத்து அனுப்பினேன். வேறொன்றும் சொல்லவில்லை. நான் எதிர்த்தால் அது மனைவியை இழந்தவனின் மனக்குறையாகிவிடும். அதோடு சேர்த்து மற்ற மேடுகளின் வழக்கும் தள்ளுபடியாகும். என் துக்கத்தை ஒரு கமிட்டியின் முன் வாதமாக வைக்க எனக்கு விருப்பமும் இல்லை. பிரசங்கம் செய்ய இயலாது என்று மட்டும் மறுநாள் பாஸ்டரிடம் தெரிவித்தேன். அவர் இளைஞர். எவருடைய முகத்தையும் முறித்துப் பேச அஞ்சுபவர். அவருக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது.

2. குதிரை வரி

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் ஆலயத்தில் கூடி, வேதாகமத்தைக் கையால் எழுதுவார்கள். ஆளுக்கொரு பாகம். ஒரு வரி விட்டுப்போனாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதவேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த எஸ்தர் அதற்குத் தலைவி. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கும் ரூத்தும் வருவாள்.

பிரசங்கத்தைத் தவிர்த்த என்னிடம், சனிக்கிழமை ஒரு வேதபாடமாவது எடுங்கள் என்று எஸ்தர் கேட்டார். ஜெபக்குமாரும் வந்து முன்னால் அமர்ந்தார். தாவீதை எதிர்பார்த்திருப்பார். நான் பழைய ஏற்பாட்டின் உபாகமம் என்ற நூலில் உள்ள ராஜாவின் சட்டத்தை எடுத்தேன். ராஜா தனக்குக் குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக்கூடாது. சிங்காசனத்தில் அமர்ந்ததும் ஆசாரியரிடமுள்ள நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி, ஆயுள் முழுவதும் அதை வாசிக்கவேண்டும். தன் சகோதரருக்குமேல் தன்னை உயர்த்தாமலிருக்க அதுவே மருந்து. அன்றைய உலகின் மற்ற ராஜாக்கள் தங்களைத் தெய்வத்தின் மைந்தர் என்று கல்லில் வெட்டிக்கொண்டிருந்தபோது, இந்த நூல் தன் ராஜாவுக்கு இம்போசிஷன் கொடுத்தது.

"ஐயா, ராஜாவேதான் எழுதணுமா? ஆள வச்சி எழுதினா ஆவாதா?" என்று எஸ்தர் கேட்டார்.

"அவன் எழுதவேண்டும் என்றுதான் இருக்கிறது."

"அப்ப செக்ரட்டரி சாரும் எழுதணும். எண்ணெ வேணும்னா."

"எழுதட்டுமே," என்றாள் ரூத். "கடலை வறுத்த கையாலயே லேவியராகமத்த முடிச்சேன் நானு. ராஜாவுக்கு இன்னா கேடு?"

ஜெபக்குமார் பெருந்தன்மையோடு சிரித்தார். "இன்னா பெரிய விஷயம்மா? உபாகமம் ஒண்ணுதானே? அடுத்த வாரமே ஆரம்பிச்சிடறேன்."

அவர் அந்த நூலின் நீளத்தை அறிந்திருக்கவில்லை. நிரந்தரமாக ஆளத் துணிந்தவர் அதைப் புரட்டியாவது பார்த்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை பொன்னிறப் பேனாவோடு வந்தார். தனக்கு வேண்டிய ராஜாவின் பகுதியிலேயே தொடங்கினார். ரூத் எட்டிப் பார்த்தாள்.

"தலைவரே, ஒரு வரிய முழுங்கிட்டீங்க."

"எந்த வரி?"

"குதிரை நெறைய வச்சிக்கக் கூடாதுங்கற வரி."

"என்கிட்ட ஏதும்மா குதிரை? ரெண்டு காரு, ஒரு ஜேசிபி. அவ்ளோதான்."

"கிழிச்சிட்டு மொதல்லேர்ந்து எழுதுங்க."

பெண்கள் அனைவரும் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். தோள்கள் குலுங்கின. அவர் கிழித்தார். மீண்டும் எழுதினார். போன் வந்தது; வெளியே போனார்; வரவில்லை.

அதற்கடுத்த வாரம் அவருடைய டிரைவர் பேனாவோடு வந்து நின்றான்.

"தம்பி, நீ எழுதினா உன் தலையிலதான் எண்ணெ ஊத்தணும். சம்மதமா?" என்றார் எஸ்தர்.

"ஐயோ வேணாங்க ஆண்ட்டி, தலைக்கு இப்பதான் டை அடிச்சேன்," என்று அவன் ஓடிவிட்டான்.

பிறகு ஜெபக்குமார் தாமே ஒரு இறையியல் விளக்கம் வெளியிட்டார். நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம். பழைய ஏற்பாட்டின் சட்டதிட்டங்கள் நமக்குரியவை அல்ல. எண்ணெய் பழைய ஏற்பாட்டிலிருந்து வரலாம், சிங்காசனமும் வரலாம். நிபந்தனைக்கு மட்டும் எல்லையில் தடை. எபிரெய மொழியில் உடன்படிக்கையைச் 'செய்வது' கிடையாது, 'வெட்டுவது'தான் உண்டு. மிருகத்தை இரண்டாகப் பிளந்து, வாக்குத் தவறினால் எனக்கும் இப்படியே ஆகட்டும் என்று நடுவே நடப்பார்கள். எங்கள் செயலாளர் வெட்டினதும் இரண்டாகத்தான். வாக்குறுதிகள் தமக்கு, நிபந்தனைகள் மற்றவர்களுக்கு.

3. பொதுக்கூட்டம்

உடன்படிக்கை ஞாயிறன்று பாஸ்டர் தாமே பிரசங்கித்தார். ராஜாக்கள் நல்லவர்கள், ஜனங்களும் நல்லவர்கள் என்பது சாராம்சம். ஆராதனை முடிந்ததும் அதே பெஞ்சுகளில் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

நிரந்தரச் செயலாளர் தீர்மானத்தை எடுத்ததுமே, "எழுதி முடிச்சிட்டாரா?" என்று பின்பெஞ்சிலிருந்து ரூத் கேட்டாள். சிரிப்பு எழுந்தது. ஜெபக்குமார் சாமர்த்தியசாலி. "அது கெடக்கட்டும், மொதல்ல கட்டடத்த பாப்போம்," என்றார். பாஸ்டர் வாசித்தார்: "கல்லறைத் தோட்டத்தின் சாலையோரக் காலி இடத்தில் வணிக வளாகம் கட்டுவது..."

"காலின்னா எது பாஸ்டர்?" ரூத் எழுந்து நின்றாள். "அங்க எங்க வூட்டுக்காரரு இருக்காரு."

"எங்க நைனாவும் அங்கதான்," என்றார் எஸ்தர்.

ஒரு பெரியவர் தம் தம்பி என்றார். ஒரு பெண், பிறந்த அன்றே போன குழந்தை என்றாள். அதை எங்கே புதைத்தார்கள் என்பது தனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அந்த வரிசைதான் என்றாள். மற்றொருத்தி சொன்னாள்: "எங்க மாமியார் அங்க இருக்குது. உசுரோட இருந்தப்பவே அத ஒரு எடத்துலேர்ந்து நவுத்த முடியாது. நீங்க வேணா ஜேசிபி வச்சி ட்ரை பண்ணுங்க."

ஆலயமே சிரித்தது. ஆனால் முன்பெஞ்சுகளில் இருந்தவர்கள், அதாவது கட்டிய கல்லறைக்காரர்கள், அசையவில்லை. அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். வருமானம் என்ற சொல் அவர்களுக்கும் பிடித்திருந்தது.

ஜெபக்குமார் கையை உயர்த்தினார். "சென்டிமென்ட் பேசாதீங்க. நம்ம புரபசர் ஐயா வீட்டம்மாவே அந்த வரிசையிலதான் இருக்காங்க. பின்னால மாத்திடலாமான்னு நான் நேர்ல கேட்டேன். ஐயா ஒரு வார்த்தை எதுத்து சொல்லல. காபி குடுத்து அனுப்பினாரு. படிச்சவங்களுக்குப் புரியுது. உங்களுக்குத்தான் புரியல."

அனைவரும் என் பக்கம் திரும்பினார்கள். ரூத்தும் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஆள் மாறிப் பார்த்துவிட்டவளின் தயக்கம் இருந்தது. அதைத் தாங்குவது கோபத்தைத் தாங்குவதைவிடக் கடினம்.

என் பணிக்காலம் முழுவதும் உடன்படிக்கையைப் பற்றிப் பேசியவன் நான். அதன் அமைப்பு, அண்டைப் பேரரசுகளின் ஒப்பந்தங்களோடு அதற்குள்ள உறவு என்று மணிக்கணக்கில் பேசமுடியும். அவற்றில் ஒரு வாக்கியமும் அப்போது எனக்குக் கிட்டவில்லை. எழுந்து நின்றேன்.

"லில்லி அங்கே இருக்கிறாள்," என்றேன். "அங்கேயே இருப்பாள்."

அடக்கத்துக்குப் பின் அந்தப் பெயரைப் பலர் முன்னிலையில் நான் உச்சரித்தது அதுவே முதல் முறை. உட்கார்ந்துவிட்டேன். முன்பெஞ்சிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கனைத்துக்கொண்டு, அப்படியானால் அதைக் காலி இடம் என்று எழுதியது பிழை அல்லவா என்று பாஸ்டரைக் கேட்டார். கைகளை உயர்த்தச் சொன்னார்கள். தீர்மானம் தோற்றது. பெரிய வித்தியாசத்தில் அல்ல. தாசில்தாரைப் பின்பற்றிய சில முன்பெஞ்சுக்காரர்களின் எண்ணிக்கையில்தான். நிரந்தரச் செயலாளர் தீர்மானத்தை அதன்பின் எவரும் எடுக்கவில்லை.

ஜெபக்குமார் இப்போது அவலூர்பேட்டை சாலையில் சொந்தமாக ஒரு ஊழியம் நடத்துகிறார். வெல்வெட் நாற்காலி இருக்கிறது. எண்ணெய் தாராளமாக ஓடுவதாகச் சொல்கிறார்கள். அங்கும் ஜனங்களே கேட்டார்களாம்.

இளம் போதகர்களுக்கு இந்த விவகாரத்தில் நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பழைய நூலில் ஜனங்கள் உடன்படிக்கைக்குள் வந்தபோது, கற்றறிந்த ஒருவரும் அவர்களுக்காகத் தலையசைக்கவில்லை. ஜனங்கள் அனைவரும் தங்கள் வாயால், சத்தமாகப் பதில் சொன்னார்கள். அதைச் சடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். நாம் கண்ணியம் என்று கருதிக் காக்கும் மௌனத்தை நம் கையெழுத்தாக எடுத்துக்கொள்வதில் எல்லாக் காலத்து ராஜாக்களும் தேர்ந்தவர்கள்.