நான் தைக்காத சிவப்புப் பழங்கள்

ஆறு வருடமாக இதை எழுதலாமா வேண்டாமா என்றே இருந்துவிட்டேன். சிரிப்பார்கள் என்ற பயம்தான். மாரியம்மனைக் கும்பிடாமல் நான் அடுப்புப் பற்ற வைப்பதில்லை, ஆனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நம்புகிறவர்கள் நம்புங்கள், நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் தர்ஷினி அப்போது எட்டாம் ஆண்டு. எங்கள் ஆட்கள் முதன்முதலில் தமிழ்நாட்டிலிருந்து காடு மேடெல்லாம் நடந்து இந்த மலைக்கு வந்ததைப் பாடசாலையில் நாடகமாகப் போட்டார்கள். அவளுக்கு, ஆட்களைக் கூட்டி வந்த பெரிய கங்காணியின் மனைவி வேடம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காலத்து உடுப்பு வராவிட்டால் வேடம் வேறு பிள்ளைக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளையோ தூக்கத்திலும் வசனம் சொல்கிறாள். எப்படியும் தைத்தே தீருவது என்று இறங்கினேன். பழைய வெள்ளைச் சேலையை வெட்டி ஒரு நீளக்கை ரவிக்கை, கழுத்தைச் சுற்றியும் கை ஓரத்திலும் பச்சை நூலில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பூவேலை. தினமும் கொழுந்து பறிக்கிற கைக்கு அது பார்க்காமலே வரும்.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. மூன்று மணி இருக்கும், வாசலே தெரியாத பனிமூட்டம். கழுத்து வேலையை முடித்து, ரவிக்கையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, கதவைப் பூட்டிவிட்டு, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடம் பிடிக்கப் போனேன். வந்து பார்த்தால் கழுத்தில் ஒரு கொழுந்தைக் காணோம். அந்த இடத்தில் எதிரெதிராக இரண்டு அகல இலை, நடுவில் சின்னச் சின்னச் சிவப்புப் பழம்.

அடுத்த வீட்டுக் காம்பராவில் இருக்கும் சரசக்காவைப் பிடித்தேன்.

"ஏன்க்கா, இதுல கைய வச்சீங்களா?"

"எனக்கு ஊசியில நூலு கோக்கவே கண்ணு தெரியல, நான் பூ போட்டுட்டாலும்! ஒனக்குத்தான்டி தூக்கமில்லாம புத்தி பெரண்டு போச்சு."

பிரித்தேன். மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு மறுபடியும் கொழுந்தே போட்டேன். இந்தத் தடவை ரவிக்கையைக் கீழே வைக்கவே இல்லை. பால் பொங்கியபோதும் ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சட்டியை இறக்கினேன். குனிந்து பார்க்கிறேன், கழுத்து முழுக்க அந்த இலை, அந்தப் பழம். ஊசி நான் குத்தி வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதில் பச்சை நூல்.

பிள்ளையின் வேடத்தை விட மனமில்லை. "யாரா இருந்தாலும் சரி, எம்புள்ள மேடை ஏறணும், தடுக்காதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கை ஓரத்தில் அதே இலையை நானே தைத்தேன். பழம் மட்டும் போடவில்லை. எங்கள் வீட்டில் சிவப்பு நூலே கிடையாது.

வெள்ளிக்கிழமை டீச்சர் ரவிக்கையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கோப்பி எலைன்னு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க? எல்லாரும் தேயிலையத்தான் போட்டுக்கிட்டு வருவாங்க. அந்த சனங்க வந்தப்ப இங்க தேயில ஏது, எல்லாம் கோப்பித் தோட்டந்தானே!"

பிறந்ததிலிருந்து மலை என்றால் எனக்குத் தேயிலைதான். காப்பிக்கொட்டை காய்க்கிற கோப்பிச் செடியை நான் கண்டதே இல்லை.

தர்ஷினி ஒரு வசனம் தடுமாறவில்லை. ரவிக்கை இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. பூவேலை தெரிந்தவர்கள் துணியின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் தைத்த இலைகளுக்குப் பின்னால் முடிச்சு இருக்கிறது. அந்தப் பழங்களுக்குப் பின்னால் முடிச்சும் இல்லை, நூலின் நுனியும் இல்லை.

இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வந்து தைத்தது யார் என்று மட்டும் பேர் வைத்துவிடாதீர்கள். எனக்கே தெரியாது.