நான் புகை காட்டாத இடம்

அப்பு, உன் படத்துக்கு மாலை போட்டு ஒரு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு அப்படித்தான் கூப்பிட வருகிறது. அன்று காலை உப்பல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஷெட்டை நீ திறந்திருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். உன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, எழுப்பிப் பாத்துட்டேன், எழுந்துக்கவே மாட்டேங்குறாரு. சீக்கிரம் வாங்க." பஸ் வந்து நின்றது. ஏறாமல் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

இதைப் படிக்கிற நீங்கள் அப்புவை மெக்கானிக் தனசேகர் என்று அறிந்தவர்கள். நான் அவனுக்கு அக்கா. ஐந்தாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் போன பிறகு எட்டு வருடம் தம்பியின் ஷெட்டில்தான் இருந்தேன். பெருக்கினேன், கழற்றிய பாகங்களைத் துடைத்தேன், டீ போட்டேன். அவனைப் பற்றி எழுதித் தரும்படி தமிழ்ச் சங்கத்தில் கேட்டபோது நல்லதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சாவு வீட்டில் வரதன் சார் சொன்னது என்னை விடவில்லை. "தங்கமான மனுஷன். அந்த ஒரு கிளிப் விஷயத்துலதான் கோட்டை விட்டுட்டான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வரதன் சார் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் ரிடையர்டு இன்ஜினியர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை திறக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். இருபத்தைந்து வயது வண்டி. அது முதன்முதலில் ஷெட்டுக்கு வந்த நாளில் அப்பு பானெட்டையே திறக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னய்யா, வண்டியப் பாப்பியா, தூங்குவியா?" என்றார் சார்.

"கேட்டுட்டு இருக்கேன் சார். வண்டி பொய் சொல்லாது. நமக்குத்தான் காது பத்தாது."

அவன் வேலை பிடித்துப்போய், பழைய கார் வைத்திருக்கும் தன் நண்பர்களையும் சார் அனுப்பினார். ஷெட் பலகையில் 'பழைய வெளிநாட்டுக் கார்கள்' என்று அப்பு புதிதாக ஒரு வரி எழுதவைத்தான். எழுதி முடிக்கும்வரை சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆயுத பூஜைக்கு அந்த வண்டி ஷெட்டில் இருந்தது, ஆயில் மாற்ற. இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் துடைப்பது என் வேலை. "துணியால தொடச்சா போதும்கா, எதையும் கழட்டாத" என்று சொல்லிவிட்டுத்தான் பூ வாங்கப் போனான். நான் கேட்கவில்லை. இன்ஜினுக்குப் பின்பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ். அதன் பின்னால் அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டலாம் என்று, ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்பைக் குறடால் அழுத்தினேன். மோதிரம் அளவு ஸ்பிரிங் கிளிப். கையிலிருந்து துள்ளி எங்கோ போய் விழுந்தது. தேடுவதற்குள் கற்பூரத்தட்டோடு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஹோஸைக் கையால் அழுத்தி மாட்டினேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அதன் மேலேயே பொட்டும் வைத்தேன்.

நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. வரதன் சார் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தெலுங்கு ஊர், 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்றுதான் வரும். "ஓடும்போது நல்லாத்தான் ஓடுது, ஹவ். சிக்னல்ல நின்னா கிறுக்கு புடிக்குது. ரேஸ் தானா ஏறுது, தானா இறங்குது. ஒரு தடவ ஆஃப் ஆகியே போச்சு."

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் இல்லை. சூடேறிய பிறகுதான் இன்ஜின் மூச்சு வாங்கியது. மீட்டர் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அப்பு பிளக் மாற்றினான். காற்று போகும் வழியைக் கழற்றிக் கழுவினான். ஐடிலிங் வால்வை மாற்றிப் பார்த்தான். பத்து நாள் ஆயிற்று. அந்த நாட்களில் ஒருநாள் பெருக்கும்போது ரேக்குக்கு அடியில் கிளிப் கிடைத்தது.

கையில் எடுத்துக்கொண்டு சொல்லத்தான் போனேன். அப்போது ஷெட்டில் ஒடுக்கு எடுக்கும் டிங்கர் மல்லேஷ் கிண்டல் செய்துகொண்டிருந்தான். "அண்ணா, உங்க அக்கா பூஜைக்குத் தொடச்சதுலேர்ந்துதான் வண்டிக்கு சாமி வந்துருச்சு." அப்பு சிரிக்கவில்லை. "எங்க அக்கா தொடச்ச வண்டியில இதுவரைக்கும் ஒரு நட்டு தொலஞ்சதில்ல. நீ உன் சுத்தியலப் பாரு." நான் திரும்பிப்போய், சாமிப் படத்துக்குக் கீழே இருந்த குங்குமச் சிமிழில் கிளிப்பைப் போட்டு மூடினேன்.

மறுநாள் அப்பு என்னைக் கூப்பிட்டான். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டான். பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி என் கையில் கொடுத்தான். "எங்கயோ காத்து உள்ள போகுதுக்கா. புகைய ஒவ்வொரு ஹோஸ்கிட்டயும் காட்டு. எந்த இடத்துல உள்ள இழுக்குதோ அதுதான். என் கண்ணுக்குப் புகை தெரிய மாட்டேங்குது." அவன் சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தான். நான் முன்பக்கம் காட்டினேன், பக்கவாட்டில் காட்டினேன். பின்பக்கம் கை போனபோதே புகை அந்த ஹோஸைப் பார்த்து லேசாக வளைந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"எல்லா இடமும் பாத்துட்டியாக்கா?"

"பாத்துட்டேன்டா. புகை நேராத்தான் போகுது."

முள்ளை விட்டு என் கையிலிருந்த ஊதுபத்தியைப் பார்த்தான். "சரிக்கா" என்று இன்ஜினை அணைத்தான்.

வரதன் சார் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஒரு கிளிப் போடத் தெரியல, உனக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்?" நான் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். அப்பு என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதான் சார். நான்தான் மறந்துட்டேன்."

அதன் பிறகு அந்த நண்பர்கள் யாரும் வரவில்லை. பலகையில் இருந்த புது வரிக்கு அவனே வெள்ளை பெயின்ட் அடித்தான். அடித்து முடித்ததும் டீ கேட்டான். கொடுத்தேன். இரண்டு வருடம் அந்தப் பலகைக்குக் கீழேதான் தினமும் நுழைந்தேன்.

வரதன் சார், கிளிப்பைக் கழற்றியது நான். ஒளித்தது நான். தனசேகர் எந்த வண்டியிலும் எதையும் மறந்தவன் இல்லை. அவன் இருக்கும்போது சொல்ல வேண்டியதை மாலை போட்ட பிறகு சொல்கிறேன்.

போன வாரம் ஷெட்டைக் காலி செய்தோம். என்ன வேண்டும் என்று அவன் மனைவி கேட்டாள். சிமிழை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து திறந்தேன். கிளிப் இருந்தது. ஆனால் நான் போட்டபடி இல்லை. ஒரு துளி குங்குமம் ஒட்டாமல் துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி, சுத்தமான துணித்துண்டில் சுற்றி வைத்திருந்தது. அது உன் கை மடிப்பு, அப்பு. எனக்குத் தெரியும். அதை நான் வைத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லு அப்பு. அந்தச் சிமிழை நீ திறந்து பார்த்தது எப்போது? ஊதுபத்தியை என் கையில் கொடுத்த பிறகா, கொடுப்பதற்கு முன்னாலேயா?